அச்சகத்தில் சறுக்கிய பழைய சிறுவர் புத்தகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அம்புலிமாமா, முத்து காமிக்ஸ், மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்ப் படக்கதைகள் எல்லாம் சேர்ப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்குள்ளேயே இன்னொரு சின்னக் கூட்டம் உண்டு. பக்கம் தலைகீழாகத் தைத்தது, நிறம் விலகி அச்சானது, ஒரே பகுதி இரண்டு தடவை வந்தது என்று பழுதான பிரதிகளை மட்டும் தேடித்தேடி வாங்குகிறவர்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால் பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

நல்ல பிரதி கிடைக்கும்போது பழுதானதை ஏன் வாங்க வேண்டும்?

படிப்பதற்கு என்றால் வாங்காதீர்கள். கதையின் முடிவு இல்லாத புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுத்தால் வீட்டில் சண்டைதான் வரும்.

சேர்ப்பதற்கு என்றால் சங்கதி வேறு. ஒழுங்காக வந்த புத்தகத்தில் அச்சகம் கண்ணுக்குத் தெரியாது. தாள் எத்தனை தடவை மெஷினுக்குள் போனது, எப்படி மடித்தார்கள், எந்த வரிசையில் அடுக்கினார்கள் என்பதெல்லாம் மறைந்துவிடும். எங்கோ ஓரிடத்தில் கை தவறினால் அத்தனையும் வெளியே வந்துவிடுகிறது. எழுத்துக் கோர்க்கும் கம்போசிட்டர், மெஷின்மேன், பைண்டர் பெயர்களை யாரும் புத்தகத்தில் போட்டதில்லை. அவர்கள் செய்த வேலை தெரிய இப்படிப்பட்ட பிரதிதான் வழி.

எதைப் பிழை என்று எடுத்துக்கொள்வது?

புத்தகம் அச்சகத்தையும் பைண்டிங் கூடத்தையும் விட்டு வெளியே வருவதற்கு முன்னால் நடந்தது எல்லாம் பிழை. வந்த பிறகு நடந்தது சேதம். கரையான், காபிக் கறை, தம்பி கிழித்த பக்கம், நூலகத்தில் மறுபடி தைத்தபோது வெட்டுப்பட்ட ஓரம் எல்லாம் சேதக் கணக்கு. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கீழே வருகிற பதில்களில் பாதி இதைப் பற்றித்தான்.

என் புத்தகத்தில் பக்கங்கள் இல்லை. பைண்டர் விட்டாரா, யாராவது கிழித்தார்களா?

இதற்கு ஃபாரம் கணக்கு தெரிய வேண்டும். பக்கங்களை ஒவ்வொன்றாக அச்சடிப்பதில்லை. ஒரு பெரிய தாளின் ஒரு புறம் 8, மறுபுறம் 8 என்று 16 பக்கம் அடித்து, மூன்று மடிப்பு மடித்தால் ஒரு ஃபாரம். பிறகு ஃபாரங்களை வரிசையாக அடுக்கித் தைப்பார்கள். ஆகவே முதல் ஃபாரம் 1 முதல் 16, அடுத்தது 17 முதல் 32, அதற்கடுத்தது 33 முதல் 48. பல பழைய புத்தகங்களில் ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்க அடியிலும் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். சோவியத் புத்தகங்களிலும் அந்த எண்ணைப் பார்க்கலாம். அடுக்குகிறவர் வரிசை தவறாமல் இருக்கப் போட்டது அது.

இப்போது கையில் இருப்பதைப் பாருங்கள். சரியாக 33 முதல் 48 வரை காணோம், தையல் இறுக்கமாக இருக்கிறது, தாள் கிழிந்த தடமே இல்லை என்றால் அடுக்கும்போது விட்டுப்போன ஃபாரம். அதற்குப் பதிலாக 17 முதல் 32 வரை இரண்டு தடவை வந்திருந்தால் இன்னும் நிச்சயம். குவியல் மாற்றி எடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

35, 36 மட்டும் இல்லை என்றால் கதை வேறு. 33 முதல் 48 வரையான ஃபாரத்தில் 35-36 தாளும் 45-46 தாளும் ஒரே துண்டு, நடுவில் மடித்துத் தைத்தது. ஒன்றைக் கிழித்தால் மற்றது பிடிமானம் இல்லாமல் ஆடும். 45-ஆம் பக்கத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் யாரோ கிழித்தது. நடுத் தையல் நூல் 40-க்கும் 41-க்கும் இடையில் தெரிய வேண்டும். அங்கே தெரியாவிட்டால் நடுத் தாள்களும் போயிருக்கின்றன என்று அர்த்தம்.

8 பக்க ஃபாரமும் உண்டு, 32 பக்க ஃபாரமும் உண்டு. எண்ணிக்கை மாறினாலும் கணக்கு ஒன்றுதான்.

நடுவில் பின் அடித்த பத்திரிகைக்கும் இதே கணக்கா?

இல்லை. அங்கே ஃபாரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காராது, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியிருக்கும். 64 பக்கப் பத்திரிகை, 16 பக்க ஃபாரம் நான்கு என்று வைத்துக்கொண்டால், வெளி ஃபாரத்தில் 1 முதல் 8-உம் 57 முதல் 64-உம் இருக்கும். அடுத்ததில் 9 முதல் 16-உம் 49 முதல் 56-உம். அதனால் நடு ஃபாரம் தவிர வேறு எது விட்டுப்போனாலும் ஓட்டை இரண்டு இடத்தில் விழும். முன்பக்கம் ஒரு கதை பாதியில் நிற்கும், பின்பக்கம் இன்னொன்று பாதியில் தொடங்கும். முன்னால் மட்டும் எட்டுப் பக்கம் காணோம் என்றால் அது பைண்டர் பிழையாக இருக்க வாய்ப்பில்லை.

தாளுக்குத் தாள் பார்க்க எளிய வழி உண்டு. 64 பக்கத்தில் எதிரெதிர்ப் பக்க எண்களைக் கூட்டினால் 65 வர வேண்டும். 13-க்கு ஜோடி 52, 14-க்கு ஜோடி 51.

நடுத் தாள் மட்டும் இல்லாத பிரதிகள் ஏராளம். பின் துருப்பிடித்து, ஓட்டை பெரிதாகி, கழன்று விழுந்தவை அவை. அதைப் பிழை என்று விற்பவரிடம் ஒரு புன்னகையோடு நகர்ந்துவிடுங்கள்.

நிறம் விலகி அச்சான படங்கள் பற்றிச் சொல்லுங்கள்.

எனக்கு மிகப் பிடித்த பிழை இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

வண்ணப் படம் என்பது மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு என்று நான்கு அச்சு ஒன்றன்மேல் ஒன்றாக விழுவது. ஒரு நேரத்தில் ஒரு நிறம் மட்டும் அடிக்கும் மெஷினில் தாள் நான்கு தடவை போய்வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் உட்கார்ந்தால் படம் கூர்மையாக இருக்கும். அச்சகக்காரர்கள் இதை ரிஜிஸ்டர் என்பார்கள். ரிஜிஸ்டர் ஒரு மில்லிமீட்டர் தள்ளினால்கூட ராஜாவின் உதடு மீசைக்கு மேலே ஏறிவிடும்.

என்னிடம் ஒரு படக்கதைப் புத்தகம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் கிளியின் பச்சை இரண்டாகப் பிரிந்து, இடது ஓரத்தில் மஞ்சள் பிறையும் வலது ஓரத்தில் நீலப் பிறையுமாக நிற்கிறது. அதே புத்தகத்தில் சில பக்கம் தள்ளி வரும் மரத்தில் மஞ்சள் வலப்பக்கம் போய்விட்டது. முதலில் பார்ப்பவர் இரண்டு வேறு பிழை என்று நினைப்பார். ஒன்றேதான். ஒரு ஃபாரத்தின் ஒரு புறத்தில் பக்கங்கள் இரண்டு வரிசையாக, தலையோடு தலை இடிக்கிற மாதிரி வைக்கப்படுகின்றன. முழுத் தாளும் ஒரு பக்கமாக நகர்ந்தால், மடித்த பிறகு பாதிப் பக்கங்களில் அது இடது, மீதியில் வலது. எந்தெந்தப் பக்கங்கள் ஒரு திசையில் விலகியிருக்கின்றன என்று குறித்துக்கொண்டே வந்தால், மடிப்பதற்கு முந்தைய தாள் எப்படி இருந்தது என்று வரைந்துவிடலாம். மழை நாளில் உட்கார்ந்து செய்ய நல்ல வேலை.

இன்னொரு வகையும் உண்டு. தாளின் ஒரு ஓரத்தில் நிறங்கள் சரியாக இருக்கும், மறு ஓரத்துக்குப் போகப் போக விலகல் கூடிக்கொண்டே போகும். அது தாள் நகர்ந்ததால் வந்தது அல்ல. ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவில் ஈரக் காற்றில் தாளே நீண்டுவிட்டது. பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும்.

அட்டையில் சிவப்பே இல்லை. சிவப்பு அச்சு விட்டுப்போனதா?

பெரும்பாலும் வெயில். கடை வாசலில் தொங்கிய புத்தகத்தில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். அட்டையின் உள்மடிப்பு, வேறு புத்தகம் மறைத்திருந்த பகுதி, பின் அட்டை ஆகியவற்றைப் பாருங்கள். அங்கே லேசாகவாவது சிவப்பு இருந்தால் வெளுத்த பிரதி. உண்மையாகவே விட்டுப்போனது என்றால் வெயில் படாத இடத்திலும், லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் ஒரு சிவப்புப் புள்ளி இருக்காது.

ஒரு பக்கத்தின் மூலை காது மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வெட்டிவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். மூன்று ஓரமும் வெட்டுவதற்கு முன்னால் அந்த மூலை உள்ளே மடங்கியிருந்ததால் கத்திக்குத் தப்பிவிட்டது. விரித்தால் மற்றப் பக்கங்களைவிடப் பெரிதாக வரும். இதைப் போலியாகச் செய்யவே முடியாது. வெட்டிய தாளைத் திரும்ப வளர்க்க யாராலும் முடியாதே!

இதற்கு அண்ணன் மாதிரி ஒன்று, சுருக்கம் விழுந்து மடிந்த தாளில் விழுந்த அச்சு. தாளை இழுத்து விரித்தால் படத்தின் நடுவில் வெள்ளைப் பட்டை ஒன்று ஓடும். அதையும் விரித்துத் தேய்த்து நேராக்காதீர்கள்.

பழைய புத்தகத்தில் ‘லை’, ‘னை’, ‘னா’ எல்லாம் வேறு மாதிரி இருக்கின்றன. அது பிழையா?

இல்லை. பெரியார் 1935-லிருந்து குடிஅரசில் பயன்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகள் அப்போது மாறின. அதற்கு முந்தைய ஈய எழுத்தை ஓர் அச்சகம் மறுநாளே தூக்கிப் போட்டுவிடாது. மாற்றத்தை ஒட்டிய ஆண்டுப் புத்தகத்தில் இரண்டு வடிவமும் கலந்திருந்தால் இயல்புதான். காலத்தைக் கணிக்க உதவும் என்பதோடு சரி.

தலைகீழாக நிற்கும் எழுத்து, உடைந்து பாதி விழுந்த கொம்பு போன்றவை எழுத்துகளைக் கையால் கோர்த்த காலத்து உண்மையான பிழைகள். ஆனால் அந்தப் பதிப்பின் பல பிரதிகளிலும் இருக்கும் என்பதால் அதற்காகத் தனியாக விலை கேட்பதில் நியாயம் இல்லை.

ஹாரி பாட்டரில் எழுத்துப் பிழை இருந்தால் லட்சக்கணக்கில் போகுமாமே?

முழுசாகக் கேட்டுக்கொள்ளுங்கள். 1997-இல் லண்டனில் வந்த முதல் புத்தகத்தின் கெட்டி அட்டைப் பதிப்பின் முதல் அச்சு 500 பிரதிகள். அதில் 53-ஆம் பக்கத்தில் பள்ளிக்கு வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் ‘ஒரு மந்திரக்கோல்’ என்பது இரண்டு தடவை வந்திருக்கிறது. பின் அட்டையில் புத்தகத்தின் பெயரிலேயே ஓர் எழுத்து விட்டுப்போனது. விலை ஏறியது அந்தப் பிழைகளுக்காக அல்ல, அந்த 500-இல் ஒன்று என்பதற்காக. பிழை அடையாளம் காட்டும் மச்சம், அவ்வளவே. பதிப்புரிமைப் பக்கத்தில் 10-இலிருந்து 1 வரை இறங்கும் எண் வரிசை முழுதாக இல்லாமல் மந்திரக்கோலை மட்டும் வைத்துக்கொண்டு சண்டை போடாதீர்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது 1937-இல் 1,500 பிரதி அச்சான ‘தி ஹாபிட்’. மேலுறையில் லூயிஸ் கரோலின் இயற்பெயரான டாட்ஜ்சன் என்பதில் ஓர் எழுத்து கூடுதலாக விழுந்துவிட்டது. பதிப்பகத்தில் யாரோ உட்கார்ந்து மேலுறைகளில் அந்த எழுத்தைப் பேனாவால் அடித்தார்கள். அந்த மைக்கோடுதான் இன்று சேகரிப்பாளர்கள் தேடும் அடையாளம்.

பிழைக்காக ஒரு பதிப்பையே திரும்பப் பெற்றிருக்கிறார்களா?

அந்த டாட்ஜ்சனுக்கே நடந்தது. 1865-இல் ‘ஆலிஸின் அற்புத உலகம்’ 2,000 பிரதி ஆக்ஸ்ஃபோர்டில் அச்சாகித் தயாரானது. படம் வரைந்த ஜான் டெனியல், படங்கள் விழுந்திருக்கும் லட்சணம் தனக்குத் திருப்தியில்லை என்றார். கரோல் அச்சை நிறுத்தினார். நண்பர்களுக்குக் கொடுத்திருந்த பிரதிகளையும் கடிதம் எழுதித் திரும்பக் கேட்டார். வேறு அச்சகத்தில் முழுதும் புதிதாக அடித்து, 1866 என்ற ஆண்டோடு வெளியிட்டார். அதற்கான செலவு அவர் கையிலிருந்து போனது.

கழித்த தாள்களை அவர்கள் எரிக்கவில்லை. தைக்காத தாளாகவே நியூயார்க்கிலிருந்த ஒரு பதிப்பகத்துக்கு விற்றுவிட்டார்கள், அங்கே புதிய தலைப்புப் பக்கம் ஒட்டி விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்தில் நல்லதாக இல்லாதது அமெரிக்காவுக்குப் போதும்! முதலில் தைத்துக் கொடுத்த 1865-ஆம் ஆண்டுப் பிரதிகளில் இன்று இருபத்துச் சொச்சம்தான் உலகத்தில் இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால் டெனியலுக்குப் பிடிக்காமல் போன குறை எது என்று இப்போதும் விவாதிக்கிறார்கள். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் பிழை இல்லை அது.

ஒரே ஒரு தாள் மட்டும் வெட்டிய ஓரத்தில் ஒட்டினாற்போல் இருக்கிறது. ஏன்?

அச்சான பிறகு ஒரு பக்கத்தில் கோளாறைக் கண்டுபிடித்தால் அந்தத் தாளை மட்டும் ஓரம் விட்டு வெட்டி, சரியான தாளை அந்த ஓரத்தில் ஒட்டுவது வழக்கம். மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின்னுக்கு இது பெரிய அளவில் நடந்தது. யாரோ விஷமி ஒரு படத்தின் அச்சுத் தகட்டை ஆபாசமாகச் சுரண்டிவிட்டான். அச்சான பிரதிகளில் 283-ஆம் பக்கத்தை வெட்டி எடுத்து மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே ஒட்டிய தாளைப் பார்த்தவுடன் ‘யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள்’ என்று தள்ளிவிடாதீர்கள். தாளின் வகையும் பழுப்பும் மற்றப் பக்கங்களோடு ஒத்துப்போனால் அச்சகத்திலேயே செய்தது.

தமிழ்ப் புத்தகத்தின் நடுவில் வேறு மொழிப் பக்கம் வருமா?

வரலாம். பல மொழியில் ஒரே நேரத்தில் வெளியாகும் படப் புத்தகங்களில் மூன்று நிறத் தகடுகள் எல்லா மொழிக்கும் பொது, எழுத்து இருக்கும் கறுப்புத் தகடு மட்டும் மாறும். குவியல்களும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தொடங்கியபோதே சந்தமாமா (தமிழில் அம்புலிமாமா) தெலுங்கிலும் தமிழிலும் வந்தது, பிறகு மொழிகள் கூடின. இப்படிப்பட்ட இடங்களில் ஃபாரம் மாற வழி உண்டு. உங்களுக்குக் கிடைத்தால் தையலைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

அட்டை தலைகீழாக ஒட்டிய புத்தகம் கிடைத்தது.

எங்கே பைண்ட் செய்தது என்று முதலில் பாருங்கள். பதிப்பகத்தின் அட்டைதான், உள்ளே ஒட்டும் தாள் கலையாமல் இருக்கிறது என்றால் நல்ல பிழை. நம் ஊரில் பன்னிரண்டு மாத இதழ்களைச் சேர்த்துத் தெருமுனை பைண்டரிடம் கொடுத்துத் தைப்பது வீட்டுக்கு வீடு இருந்த பழக்கம். மார்ச்சுக்குப் பிறகு ஜனவரி வரும், ஓரம் வெட்டியதில் வரிகளின் கடைசி எழுத்து போயிருக்கும். அது பதிப்பகப் பிழைக் கணக்கில் வராது. ஆனாலும் உள்ளே பேனாவில் எழுதிய பெயரும் வகுப்பும் இருந்தால் நான் வாங்கிவிடுவேன். எல்லாவற்றுக்கும் விதி பார்த்தால் எப்படி?

என்ன விலை கொடுக்கலாம்?

தபால்தலையோடு ஒப்பிட்டுக் கேட்கிறார்கள். 1854-இல் ராணியின் தலை கவிழ்ந்து அச்சான நான்கணா இந்தியத் தபால்தலைக்குக் கேட்லாக் உண்டு, எத்தனை பிரதி என்ற கணக்கும் உண்டு. பழுதான சிறுவர் புத்தகத்துக்கு இரண்டும் கிடையாது. வாங்க ஆள் இரண்டு பேர் இருந்தால் அதிர்ஷ்டம். சாதாரணப் பிரதியின் விலைக்குக் குறைவாகவே பேசுங்கள். பிழையைக் காட்டி விலையை ஏற்றினால் வைத்துவிட்டு வாருங்கள். ஒரே விதிவிலக்கு, அந்தத் தலைப்பே அரிதாக இருப்பது. அங்கே பழுதைப் பார்க்காமல் புத்தகத்துக்குக் காசு கொடுங்கள்.

எங்கே தேடுவது?

சென்னையில் மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு கடைகள் அல்லிக்குளம் பக்கம் போயின. திருவல்லிக்கேணி நடைபாதை, கோவை உக்கடம் இரண்டும் நல்ல இடம். ஆனால் பழுதான பிரதி முதலில் போய்ச் சேர்வது எடைக்கு எடுக்கும் பேப்பர் கடைக்கு. அந்தக் கடைக்காரரிடம் பழகி வையுங்கள். நூலக முத்திரை இருந்து, கழிக்கப்பட்டதற்கான குறிப்பு இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

எப்படிப் பாதுகாப்பது?

செல்லோடேப் கூடாது. பசை பழுத்து எழுத்தைத் தின்றுவிடும். பின் துருப்பிடித்திருந்தால் நடுப்பக்கத்தில் மடங்கியிருக்கும் அதன் கால்களை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே ஓட்டையில் பருத்தி நூல் கோர்க்கலாம், எடுத்த பின்னை உறையில் போட்டு வையுங்கள். அந்தக் காலத்து பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தது பூச்சிக்காக. அந்தப் பசையைச் சுரண்ட வேண்டாம், சுரண்டினால் கை கழுவுங்கள். இராமபாணப் பூச்சி கண்டால் புத்தகத்தைப் பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரமாவது ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை உடனே பிரிக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால் ஈரம் கோக்காது.

ஸ்கேன் செய்து பகிரலாமா?

இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. பிழையான பக்கத்தைப் பேசுவதற்காக ஒரு படம் போடுவது வேறு, முழுப் புத்தகத்தையும் ஏற்றுவது வேறு.

என்னிடம் இருப்பது உண்மையான பிழையா என்று கேட்க என்ன படம் அனுப்ப வேண்டும்?

அட்டைப் படம் மட்டும் அனுப்புகிறார்கள், அதில் ஒன்றும் தெரியாது. பதிப்பு விவரம் உள்ள பக்கம், பிழை உள்ள பக்கம், அதற்கு முந்தைய பக்கமும் பிந்தைய பக்கமும், தையலோ பின்னோ தெரியும் நடுப்பகுதி, மேலிருந்து பார்த்த முதுகு. மொத்தப் பக்க எண்ணிக்கையையும் எழுதுங்கள். நிறப் பிழை என்றால் பகல் வெளிச்சத்தில் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம்.